பனிச் சங்கிலி, சரக்கு வாகனங்களில்

பனி மூடிய சாலையில் லாரியின் சக்கரம் வழுக்காமலும் நின்ற இடத்திலேயே சுழலாமலும் இருக்க, டயரின் மேல் சுற்றிப் பூட்டப்படும் இரும்புச் சங்கிலி வலை. காஷ்மீர், லடாக், ஹிமாசலப் பிரதேச மலைப்பாதைகளில் ‘ஆன்டி ஸ்கிட் செயின்’ என்பார்கள். ஓட்டுநர்களுக்கு வெறும் ‘செயின்’. தமிழ்நாட்டுச் சாலைகளில் இதற்கு வேலையில்லை. உதகையில் மார்கழி, தை மாதங்களில் விழுவதுகூடப் புல்லை வெளுக்கும் உறைபனிதான்.

ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதிக்கு இது சம்பந்தமில்லாத பொருள் அல்ல. ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012இலும் தொடங்கின. ஜே.கே. டயர், சியட் ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியே இருக்கின்றன. இவ்வூரைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை 48, கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலையைத் தொடுகிறது. கன்னியாகுமரியிலிருந்து மதுரை, நாமக்கல், சேலம் வழியாக வரும் அந்தச் சாலை முடிவது ஸ்ரீநகரில். அங்கிருந்து 1ஆம் எண் சாலை 3,528 மீட்டர் உயரமுள்ள ஜோஜிலா கணவாயைத் தாண்டி லே போகிறது. தார் இளகும் வெயிலில் லோடு ஏற்றிய வண்டி கிருஷ்ணகிரியில் வடக்கே திரும்பினால், குளிர்காலத்தில் சாலை எண் மாறுவதற்கு முன்பே பனியைப் பார்த்துவிடும்.

இன்றைய வடிவிலான டயர் சங்கிலிக்கு 1904இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. டயரின் உட்புறமும் வெளிப்புறமும் இரண்டு சங்கிலிகள் வளையமாக ஓட, அவற்றைக் குறுக்குச் சங்கிலிகள் இணைக்கும். வண்டியின் எடை இந்தக் குறுக்குக் கண்ணிகளைப் பனிக்குள் அழுத்துவதால்தான் பிடி கிடைக்கிறது. குளிரில் ரப்பர் இறுகி விறைத்துப்போகும். வெயிலுக்கும் பாரத்துக்கும் ஏற்பச் செய்த டயர், எவ்வளவு புதிதானாலும், உறைந்த பாதையில் தனியாக நின்று சமாளிக்காது.

மாட்ட வேண்டிய இடம் இன்ஜின் இழுக்கும் அச்சு. நம் ‘டாரஸ்’ வண்டிகளில் பின்னால் இரண்டு மூன்று அச்சுகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் இழுக்கும். மற்றவை பாரம் தாங்க மட்டுமே. பாரம் தாங்க மட்டும் இறக்கும் லிஃப்ட் ஆக்ஸிலில் செயின் கட்டியவருக்கு இழுவையில் ஒரு பயனும் இல்லை. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டிக்கு ஆபத்து கூடுதல், அழுத்தும் எடை குறைந்துவிடுவதால். இறக்கத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கேட்க வேண்டுமானால் முன்சக்கரங்களுக்கும் ஒரு ஜோடி நல்லது. சமதளத்தில் நிறுத்தி, முதலில் உட்புறக் கொக்கியையும் பிறகு வெளிப்புறக் கொக்கியையும் பூட்டி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டினால் சங்கிலி தளரும். இறங்கி மறுபடி இறுக்குவதைத் தவிர்க்க முடியாது. வேகம் எக்காரணத்தாலும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுந்த செயின் மட்கார்டைக் கிழிக்கும், பிரேக் குழாயை அடிக்கும்.

ஜோஜிலாவில் மோட்டார் வாகனம் ஏறிய கதையில் தென்னாட்டுக்கும் பங்குண்டு. காஷ்மீர்ப் போரின்போது, 1948 நவம்பர் 1 அன்று ஜெனரல் திம்மையா இந்தக் கணவாயில் டாங்குகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தார். கோவேறு கழுதைகள் நடந்த பாதையை டாங்கு போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர்.

இப்போது மலைக்கு அடியில் வழி வந்துகொண்டிருக்கிறது. ரோதாங் கணவாய்க்குக் கீழே 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020இலும், 8.45 கிலோமீட்டர் பனிஹால்–காஸிகுண்ட் சுரங்கம் 2021இலும், சோன்மார்க் சுரங்கம் 2025 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. ஜோஜிலா சுரங்கத்தின் வேலை நடக்கிறது. இதனால் செயினுக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. சுரங்கத்தின் உள்ளே உலர்ந்த தளம், இரு வாயிலிலும் பனி. செயினோடு உள்ளே ஓடினால் சங்கிலி, டயர், தளம் மூன்றும் தேயும். ஆக, மாட்டிக் கழற்றும் வேலை கூடத்தான் செய்திருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை சரக்கு வாகனங்கள் செயினைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். வானம் தெளிவாக இருக்கிறது என்பது சாக்காகாது. இந்தியாவில் இது பெரும்பாலும் அன்றன்றைய உத்தரவு. ஜோஜிலாவின் இருபுறமும் உள்ள சோன்மார்க், மினாமார்க் சோதனைச் சாவடிகளிலும், தங்மார்க்–குல்மார்க் சாலையிலும், மணாலிக்கு மேலேயும் பனி பெய்தபின் செயின் இல்லாத வண்டியைப் போலீஸ் நிறுத்துகிறது. பனி விழுந்தபின் கேட்பதைவிட, பருவம் முழுவதும் வண்டியில் இருக்க வேண்டும் என்பதே சரியான விதி. தெற்கிலிருந்து போகும் லாரியோ கடைசி ஊரில் கிடைத்ததை வாங்கிக் கட்டுகிறது. அளவு பொருந்தாத செயின் நான்கு சுற்றில் கழன்றுவிடும்.

ஜம்முவுக்கு மேல் குளிர்கால லோடு பிடிக்கும் உரிமையாளர், டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவைக் காட்டி முன்கூட்டியே செயின் வாங்கி, ஷெட்டிலேயே ஓட்டுநரை ஒருமுறை மாட்டிக் கழற்றச் சொல்ல வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில், இருட்டில், முதல் முறையாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல அது.