முகப்பு விளக்கு: வீட்டிலேயே மாற்றலாம், திருத்தலாம்

1984 இறுதியில் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே மக்கள் மீளக்குடியேறிய ஊர் கொக்கிளாய். இங்கிருந்து இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் புறப்படும் வாகனத்துக்கு நல்ல முகப்பு விளக்கு அவசியம். வீதியில் மாடு படுத்திருக்கும், யானையும் குறுக்கிடலாம்.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் முதலில் மின்குமிழைப் பாருங்கள். இரண்டும் எரியாவிட்டால் பியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றைச் சோதியுங்கள். வெளிச்சம் மங்கினால், உப்புக் காற்றில் ஏர்த் வயர் இணைப்பு களிம்பேறியிருக்கலாம். பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

பல வாகனங்களில் இருப்பது எச்4 ரகக் குமிழ்: 12 வோல்ட், தூர ஒளிக்கு 60 வாட், தாழ் ஒளிக்கு 55 வாட். விளக்கை அணைத்து ஆறவிடுங்கள். சொக்கற்றையும் இறப்பர் மூடியையும் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கிப் புதியதைப் பொருத்துங்கள். கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிக் குமிழ் கெட்டுவிடும்.

100 வாட் குமிழ் போட்டால் வயரும் சொக்கற்றும் உருகக்கூடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தோம். இன்று பியூசுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்ற வேண்டாம், வாகனமே தீப்பற்றலாம்.

கடைசியாக, சமதரையில் வாகனத்தைச் சுவருக்கு எதிரே நிறுத்துங்கள். தாழ் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழவேண்டும். மேலே விழுந்தால் எதிரே வருபவரின் கண் கூசும்.