முள்வேலியில் ஓடிய குரல்

விஞ்ஞானம் தந்த வசதியொன்று ஒரு நாட்டிலே வேரூன்றிவிட்டால், அது மேன்மேலும் பெருகுமேயன்றிக் குறையாது என்பது பொதுவான எண்ணம். ஐக்கிய அமெரிக்காவின் கிராமியத் தொலைபேசி வரலாறு இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. 1920ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கமங்களுள் நூற்றுக்கு 39 அளவானவற்றில் தொலைபேசி இருந்தது. 1940இல் அத்தொகை நூற்றுக்கு 25 ஆகச் சுருங்கிற்று. பெற்றிருந்த ஒன்றை மக்கள் இழந்தது எவ்வாறு?

பெல் என்னும் அறிஞர் 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பெற்ற மூல உரிமைகள் 1893, 1894இல் காலாவதியாயின. அதுவரை அவர் பெயர் தாங்கிய கம்பெனி பெரும்பாலும் நகரங்களையே நாடிற்று. மைலுக்கு மூன்று வீடுள்ள நாட்டுப்புறத்திற் கம்பம் நடுவதால் அதற்கு என்ன ஆதாயம்? உரிமை நீங்கியதும் கமக்காரர் தாமே கூடிச் சங்கம் அமைத்தனர்; தம் காட்டு மரங்களைத் தறித்துக் கம்பங்களாக நட்டனர். மரமில்லாத மேற்குச் சமவெளிகளிலே கால்நடைக்காக இட்ட முள்வேலியே தொலைபேசிக் கம்பியாயிற்று. படலை வரும் இடத்திலே இருபுறமும் உயர்ந்த கம்பங்களை நாட்டி, அவற்றின்மேற் கம்பியைக் கடத்தினர். ஒரு கம்பியிற் பத்துப் பதினைந்து வீடுகள் இணைந்திருந்தன. இன்ன வீட்டுக்கு இரண்டு நெடுமணி, இன்ன வீட்டுக்கு ஒரு நெடுமணியும் ஒரு குறுமணியும் என வகுத்திருந்தனர். மணி யாருக்கு ஒலித்தாலும் அயலார் ஒலிவாங்கியை மெல்ல எடுத்துச் செவிமடுப்பது வழக்கம். இரகசியம் என்பது அங்கே அரிய பண்டம். ஆயினும் தீப்பற்றிய வீட்டுக்கு ஊரே திரண்டு ஓடியதும் அந்த மணியினால்தான்.

காலம் செல்லக் கம்பி துருப்பிடித்தது, கம்பம் உக்கிற்று. 1920க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தது. 1929இல் தொடங்கிய பெருமந்தம் சந்தாப் பணத்தையும் பறித்தது. இதனினும் விந்தையானது வேறொன்று. 1936இல் கிராமிய மின்சாரச் சட்டம் நிறைவேறி, அரசாங்கக் கடனால் மின்கம்பிகள் கமங்களை எட்டின. பழைய தொலைபேசியோ பல இடங்களில் ஒற்றைக் கம்பியையும் மண்ணையும் கொண்டே இயங்கியது. அருகே மின்கம்பி வந்ததும் அதில் இரைச்சல் மிகுந்து பேச்சு கேளாமற் போயிற்று. ஒரு பொதுநன்மை மற்றொன்றைக் கெடுத்தது.

பரிகாரம் 1949ஆம் ஆண்டு ஒற்றோபர் 28ஆந் திகதி வந்தது. அலபாமாவின் ஹில், ரெக்சாசின் போக் என்னும் இரு உறுப்பினரின் பெயரால் வழங்கும் மசோதாவில் ஜனாதிபதி ட்ரூமன் ஒப்பமிட்டார். தனியார் தொழிலில் அரசு புகுகின்றது என்று தொலைபேசிக் கம்பெனிகள் எதிர்த்தன. ஆனால் அரசு தானே கம்பி இழுக்கவில்லை, இனாமும் வழங்கவில்லை. நூற்றுக்கு 2 வட்டியில், 35 ஆண்டு வரையான தவணையில், ஏற்கனவே தொழில் புரிந்த சிறு கம்பெனிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடன் கொடுத்தது. கடன் பெறுவோர் இயன்ற அளவு மிகுதியான கிராமிய மக்களுக்குச் சேவை கிடைக்கச் செய்யவேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். இதுவே அதன் உயிர்நாடி. இஃதில்லையேல், பொதுப்பணத்தைப் பெற்றவர் வீதியோரத்துச் செல்வர் வீடுகளை மட்டும் இணைத்து, ஒதுக்குப்புறத்தாரை முன்போலவே கைவிட்டிருப்பர்.

1950இல் நூற்றுக்கு 38 ஆக இருந்த கமத் தொலைபேசி, 1959இல் நூற்றுக்கு 65 ஆயிற்று. முழுப்புகழையும் சட்டத்துக்கே சூட்டுதல் பொருந்தாது. அப்பத்தாண்டில் சிறுகமங்கள் பல மறைந்தன. எஞ்சியோர் பலர் செலவு தாங்க வல்லவர். எனினும், நீண்டகாலக் கடனின்றிச் சிறு சங்கங்கள் புதிய கம்பியும் தானியங்கு நிலையமும் அமைத்திருத்தல் அரிது. அன்று கடன் பெற்றுத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களிற் பல இன்றும் இயங்குகின்றன. செப்புக் கம்பி சென்ற ஊர்களுக்கே இப்போது கண்ணாடியிழை வடத்தைக் கொண்டு செல்கின்றன.