தோயிரா ஏந்திய கைகள்

விடைத்தாள் திருத்தும் இரவுகளில் பர்னோ இஸ்ஹாகோவாவின் குரலைக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தாஜிக் மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும், பேச்சுபோலக் கீழே தொடங்கி, மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறி, மறுபடி இறங்கிவரும் அந்தப் பாட்டின் போக்கு பிடிபடுகிறது. அந்த உச்சத்தை ‘அவ்ஜ்’ என்கிறார்கள். அந்த உச்சத்தில் ஒரு பெண்குரல் ஊரறியக் கேட்பதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று தேடத் தொடங்கினேன்.

அவர் பாடியது சஷ்மகாம். ‘சஷ்’ என்றால் ஆறு. ஆறு மகாம்களின் பெருந்தொகுப்பு. புகாரா அமீர்களின் அரசவையில் செழித்த இசை. அங்கே பெயர் பெற்ற பாடகர்கள் ஆண்கள். சிறுபான்மையினரான புகாரா யூதர்களில் ஒருவரான லெவி பாபாகானோவ்கூட அமீரின் அவையில் பாடினார்.

அப்படியானால் பெண்களுக்கு இசையே இல்லையா? இருந்தது. ‘சோசந்தா’ எனப்பட்ட பெண் கலைஞர்கள் புகாராவின் கல்யாண வீடுகளில், பெண்கள் கூடும் இடங்களில் பாடி ஆடினார்கள். கையில் தோயிரா. நம் கஞ்சிராவைவிடப் பெரியது, விளிம்பின் உட்புறம் இரும்பு வளையங்கள் கோத்தது. மணிக்கட்டில் சலங்கை. இவர்களிலும் பலர் யூதப் பெண்கள். அவையில் ஆண் பாடியது கலை என்றும், வீட்டில் பெண் பாடியது கல்யாணக் கேளிக்கை என்றும் பிரிக்கப்பட்டது. 1924இல் மாஸ்கோவில் சஷ்மகாமின் இசைக்குறிப்பு அச்சேறியது. சோசந்தாக்களின் பாட்டு வாய்வழியாகவே வாழ்ந்தது.

1927 மார்ச் 8 அன்று, முகத்திரையை அகற்றும் ‘ஹுஜும்’ இயக்கத்தைச் சோவியத் அரசு மத்திய ஆசியாவில் தொடங்கியது. திரை விலக்கிய பெண்கள் பலர் சொந்த உறவுகளாலேயே கொல்லப்பட்டார்கள். மேடையில் ஆடிய நூர்கான் யுல்தஷேவா என்ற இளம் உஸ்பெக் பெண்ணை 1929இல் அவருடைய சகோதரனே கொன்றான். உத்தரவு போட்டது அரசு; உயிரைக் கொடுத்தது பெண்.

அதே 1927இல்தான் தாஷ்கண்டில் ஒரு புகாரா யூதக் குடும்பத்தில் பர்னோ பிறந்தார். பின்னர் துஷான்பே வானொலியில் சஷ்மகாம் பாடினார். தாஜிக் குடியரசின் மக்கள் கலைஞர் ஆனார். அரசவை மறுத்த இடத்தை வானொலி கொடுத்தது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் கொடுத்த இடம் நிலைக்கவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்து, தாஜிகிஸ்தான் உள்நாட்டுப் போருக்குள் சரிந்த 1990களில் அவர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். 2001இல் அங்கேயே இறந்தார்.

2003இல் யுனெஸ்கோ சஷ்மகாமை மானுட குலத்தின் அரிய மரபாக அறிவித்தது. 2021இல் தாஜிக் மலைமக்களின் ‘ஃபலக்’ பாடலும் அதன் பட்டியலில் சேர்ந்தது. ஃபலக் என்றால் வானம். விதி என்றும் பொருள். பிரிவையும் துயரையும் வானத்திடம் முறையிடும் அந்தப் பாட்டை ஆண்களும் பெண்களும் பாடுகிறார்கள்.

பட்டியலில் பாட்டின் பெயர் ஏறிவிட்டது. அதைக் கல்யாண வீட்டிலும் வானொலியிலும் மலையிலும் காத்த பெண்களின் பெயர்களை நாம்தான் சொல்லியாக வேண்டும். நான் பர்னோவிலிருந்து தொடங்குகிறேன்.