தவறான விடைக்கும் ஒரு பாடம்

இணையவழிப் பயிற்சிப் பாடங்களை வடிவமைப்பது என் தொழில். செவிலியர்கள், வங்கி எழுத்தர்கள், கிடங்குத் தொழிலாளர்கள் என்று பலருக்கும் எழுதி வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "பாடம் சலிக்காமல் இருக்க என்ன மென்பொருள் வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு அர்பானா ஊரின் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும், தங்கள் கல்வி பின்தங்கிவிட்டதோ என்ற கவலை அமெரிக்கர்களைப் பிடித்துக்கொண்டது. கணினியைக் கொண்டு பாடம் நடத்த முடியுமா என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கூடிப் பேசியது. ஒத்த கருத்து வரவில்லை. அங்கிருந்த ஓர் ஆய்வகத்தின் தலைவர் டேனியல் ஆல்பர்ட் இதை டொனால்ட் பிட்சர் என்ற இளம் மின்பொறியாளரிடம் சொன்னார். 1960இல் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பிக்கும் அமைப்பு பிறந்தது. இல்லியாக் என்ற பெரிய கணினி, ஒரு தொலைக்காட்சித் திரை, சில விசைகள், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம்.

அந்த விசைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடர, பின்னால் போக, விடையைச் சரிபார்க்க என்று ஒவ்வொன்று இருந்தது. 'உதவி' விசையை அழுத்தினால் அதே கணக்கைச் சிறு சிறு கேள்விகளாக உடைத்துக் கேட்கும் கிளைப்பாதை திறக்கும். அந்தப் பாதையின் நடுவிலேயே சட்டென்று புரிந்துவிட்டால்? அதற்கென்றே 'ஆஹா!' என்று ஒரு விசை வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால் மிச்சத்தைக் கடக்காமல் நேராகப் பழைய கேள்விக்கே திரும்பலாம். படிப்பவருக்குப் புரிந்த கணத்தை மதித்து, அதற்காக ஒரு விசையையே ஒதுக்கியிருக்கிறார்கள்! இன்றைய பாடங்கள் பலவற்றில் குரல் பேசி முடிக்கும்வரை 'அடுத்து' பொத்தான் பூட்டியே கிடக்கிறது. இந்த ஒன்றில் நாம் பின்னோக்கிப் போயிருக்கிறோம் என்பது என் துணிபு.

அந்தக் காலத்தில் பி. எஃப். ஸ்கின்னரின் கற்பிக்கும் எந்திரம் பெரும்பெயர் பெற்றிருந்தது. படிப்பவர் தவறே செய்யாதபடி பாடத்தை நுணுக்கமான படிகளாக வெட்டுவது அவர் வழி. பிளேட்டோக்காரர்களோ தவறு வரும் என்று எதிர்பார்த்து அதற்கு இடம் விட்டார்கள். 1967இல் பால் டென்சார் என்ற உயிரியல் மாணவர் டியூட்டர் என்ற கணினி மொழியை உருவாக்கினார். ஆசிரியர்களே பாடம் எழுத வேண்டும் என்பது நோக்கம். சரியான விடையைக் குறிக்க ஒரு கட்டளை, எதிர்பார்க்கும் தவறான விடையைக் குறித்து அதற்கு மறுமொழி சொல்ல இன்னொரு கட்டளை. எழுத்துப் பிழை இருந்தால் அந்தச் சொல்லின் கீழே கோடிட்டுக் காட்டும். விடையே தவறு என்று தள்ளிவிடாது.

இதன் அருமை எனக்குச் செவிலியர்களுக்கான ஒரு மருந்துக் கணக்கில் விளங்கியது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, நோயாளிக்கு 250 மில்லிகிராம் வேண்டும், எத்தனை மில்லி? விடை 10. இரண்டு என்று எழுதுபவர் எத்தனை மடங்கு என்பதைச் சரியாகக் கண்டுவிட்டார், மில்லியாக மாற்ற மறந்துவிட்டார். இரண்டரை என்று எழுதுபவர் விகிதத்தையே தலைகீழாகப் போட்டுவிட்டார். இருவருக்கும் "தவறு, மீண்டும் முயல்க" என்று ஒரே வரியைக் காட்டுவது அநியாயம்.

1972இல் பிளேட்டோவின் நான்காம் பதிப்பு வந்தது. பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்சனும் 1964இல் கண்டுபிடித்த பிளாஸ்மா திரையில், ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் ஒளிர்ந்தன. விரலால் தொட்டே விடை சொல்லலாம். பானி ஆண்டர்சன் என்பவர் அதில் ஒரு கணக்கு விளையாட்டு செய்தார். மூன்று எண்கள் வரும்; அவற்றைக் கூட்டியோ பெருக்கியோ கழித்தோ வரும் விடைக்கேற்பக் காய் நகரும். பின்னர் ரிச்சர்ட் பர்டனும் ஜான் சீலி பிரவுனும் அதற்கு, ஆடுபவருக்கு யோசனை சொல்லும் ஒரு பயிற்சியாளர் நிரலைச் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வகுத்த விதிகளை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு நகர்வுகளில் குறுக்கிடாதே. ஆடுபவர் எதில் தடுமாறுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாய் திற. மிகச் சிறப்பாக ஆடினால் பாராட்டு.

இத்தனையும் இருந்தும் முடிவு என்ன? சமுதாயக் கல்லூரிகளில் பிளேட்டோவை மதிப்பிட்ட 1977ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர்களுக்கு அது பிடித்திருந்தது என்றது. தேர்ச்சியிலோ சீரான ஏற்றமோ இறக்கமோ தென்படவில்லை. இதை மறைத்து அந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது. பிடிப்பது வேறு, படிவது வேறு. ஒரே திரையில், ஒரே மொழியில் ஒருவர் நல்ல பாடமும் இன்னொருவர் புத்தகப் பக்கத்தை அப்படியே இறக்கிய பாடமும் எழுத முடியும். கருவி யாரையும் காப்பாற்றாது.

ஆகவே பாடம் எழுத உட்காரும் தம்பி தங்கைகளே, படங்களைத் தேடும் முன் அந்த வேலையைச் செய்பவர்கள் நால்வரிடம் கேள்வியைத் தாளில் கொடுங்கள். அவர்கள் எழுதும் தவறான விடைகளைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி எழுதி முடித்த பிறகு மென்பொருளைத் திறங்கள்.