சிங்கப்பூர் – இந்தியக் கூட்டுக் கடற்பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடையிலான கடற்படைத் தொடர்பு என்றதும் கி.பி. 1025இல் நிகழ்ந்த முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பே நம் நினைவுக்கு வருகிறது. அண்மைக் காலத் தொடர்பும் ஆய்வுக்குரியதே. அவ்வகையில், 1994இல் தொடங்கிய சிங்கப்பூர் – இந்தியக் கூட்டுக் கடற்பயிற்சியின் பின்புலத்தை இங்கு நோக்குவோம்.

1980களின் பிற்பகுதியில் இந்தியக் கடற்படை விரைந்து வளர்ந்தது. 1987இல் விராட் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும், 1988இல் சோவியத்து ஒன்றியத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற அணுவிசை நீர்மூழ்கிக் கப்பலும் அதில் இணைந்தன. இவ்வளர்ச்சியின் நோக்கம் யாது என்னும் ஐயம் இவ்வட்டாரத்தில் எழுந்தது. பனிப்போருக்குப்பின் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை மேற்கொண்ட இந்தியாவுக்கு அவ்வையத்தைக் களையவேண்டிய தேவை இருந்தது.

சிங்கப்பூரின் தேவையோ வேறு. அதனைச் சூழ்ந்துள்ள சுந்தா கண்டத்திட்டு ஆழமற்றது. கப்பல் போக்குவரத்தும் மிகுந்தது. ஆழ்கடலிலோ நீரின் வெப்பநிலை அடுக்குகள் ஒலியை வளைத்துவிடும். அவற்றின் கீழே நீர்மூழ்கிக் கப்பல் மறைந்துகொள்ளும். அதனைச் சோனார் கருவியால் கண்டறியப் பழகுவதற்கு ஆழ்கடலும் வேண்டும். தேடப்படுவதற்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் வேண்டும். 1994இல் சிங்கப்பூரிடம் நீர்மூழ்கிக் கப்பல் இல்லை. சுவீடனிடமிருந்து முதல் கப்பலை வாங்க அது முடிவு செய்தது 1995இல்தான். இந்தியாவிடம் இவ்விரண்டும் இருந்தன. ஆகவே, நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சியே இவ்வுறவின் தொடக்கமாயிற்று.

இத்தொடக்கம் பொருள் பொதிந்தது என்பது நம் கருத்து. தன் நீர்மூழ்கிக் கப்பலைப் பிறர் தேட இசையும் கடற்படை, அதன் ஒலியையும் மறையும் முறையையும் ஓரளவேனும் அவர்களுக்கு வெளிப்படுத்துகிறது. ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்ட ஆற்றலையே அருகிலிருந்து அறியச் செய்வதைக் காட்டிலும் நம்பிக்கையை வளர்க்கும் வழி அரிது.

பின்னர் இப்பயிற்சி ‘சிம்பெக்ஸ்’ என்னும் பெயர் பெற்றது. 2003இல் இருநாடுகளும் தற்காப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2005இல் பயிற்சி முதன்முறையாகத் தென்சீனக் கடலில் நடைபெற்றது. 2017இல் கடற்படைகளுக்கெனத் தனி உடன்பாடு கண்டனர். 2018இல் வெள்ளிவிழாப் பயிற்சி அந்தமான் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் நிகழ்ந்தது.

எனினும், இதனைப் போர்க்கூட்டணியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது துணைவர வேண்டும் என்னும் கடப்பாடு இருநாடுகளுக்கிடையே இல்லை. ஆண்டுதோறும் கடலில் ஒன்றுகூடிப் பெற்ற பழக்கமே இவ்வுறவைத் தாங்கி வந்துள்ளது எனலாம்.