திருச்செந்தூர் பாதயாத்திரை: நடக்கிற வழியிலேயே சாப்பாடும் தண்ணீரும் கிடைப்பது எப்படி?

மதுரைப் பக்கமிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகும் குழுக்கள் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி பக்கமாகத் தெற்கே இறங்குகின்றன. அங்கிருந்து கோயில் 120 கி.மீ.க்கு மேல். தினமும் 30 கி.மீ. நடந்தாலும் நாலு நாள் ஆகும். அத்தனை நாளுக்கான அரிசியையும் தண்ணீரையும் யாரும் தோளில் சுமப்பதில்லை. அப்புறம் எப்படி?

முன்னால் போகும் குட்டியானை

பெரும்பாலான குழுக்களோடு ஒரு வண்டி போகும். காஸ் சிலிண்டர், அண்டா, அரிசி, தண்ணீர் கேன், பாய் எல்லாம் அதில்தான். நடப்பவர்கள் வந்து சேர்வதற்குள் அடுத்த இடத்தில் உலை கொதிக்க வேண்டும் என்பதால், வண்டி முன்னாலேயே போய்விடும்.

சிக்கலும் இதுலதான். கால் கொப்பளித்து மெதுவாக வரும் கடைசி ஆளுக்கும் வண்டிக்கும் இடையே 5, 6 கி.மீ. கூட விழும். தாகம் முதலில் அவருக்குத்தான். அதனால் எல்லோர் கையிலும் 1 லிட்டர் இருக்க வேண்டும். குழுவின் வாலில் வருபவர் இன்னும் 2 லிட்டர் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. வெயிலில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேலேயே தேவைப்படும்.

பந்தலை நம்பலாமா?

தைப்பூச நாட்களில் நீர்மோர், பானகம், அன்னதானம் எல்லாம் வழியைத் தேடி வரும். ஆனா அந்தக் கூட்டம் போனதும் பந்தலும் போய்விடும். ஒரு வாரம் பிந்திக் கிளம்பினால் அதே ரோடு வேற ரோடு.

பந்தல்குடி தாண்டி எட்டயபுரம் வரை கரிசல் காடு. நிழல் குறைவு, பல ஊர்கள் நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன, சில இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எட்டயபுரத்தில் நிரப்பிக்கொண்டால் அடுத்து எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை.

இன்னொரு ஆபத்து, பந்தல் எதிர்ப்பக்கம் இருப்பது. ஒரு டம்ளர் மோருக்காக நடுத் தடுப்பைத் தாண்டி ஓடுவது, அதுவும் இருட்டில், வேண்டவே வேண்டாம். ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் வேகமாக வரும் லாரிக்கு நிற்க இடம் வேண்டும்.

காட்டு வழியில் என்ன செய்கிறார்கள்?

இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள், உகந்தைக்குப் பிறகு குமண, யால காடுகளுக்குள் போகிறார்கள். சில நாட்களுக்குக் கடையே கிடையாது. அரிசி, பருப்பு மூட்டையோடுதான் நுழைய வேண்டும்.

அமெரிக்காவில் சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையில் நடப்பவர்கள், வழியில் இருக்கும் விடுதிகளுக்கும் தபால் நிலையங்களுக்கும் தங்கள் பெயருக்கே முன்கூட்டிப் பார்சல் அனுப்பி வைப்பதுண்டு. சுமார் 4,265 கி.மீ. கொண்ட பசிபிக் கிரெஸ்ட் பாதையின் வறண்ட பகுதியில், முகம் தெரியாத யாரோ தண்ணீர் கேன் வைத்துவிட்டுப் போவார்கள். நம்மூர் தண்ணீர்ப் பந்தல் மாதிரியேதான். அங்கேயும் அனுபவஸ்தர்கள் சொல்வது, இருந்தால் குடி, இருக்கும் என்று நம்பி நடக்காதே.

பையில் என்ன?

புளியோதரை தாங்கும், புளியும் நல்லெண்ணெயும் காப்பாற்றும். தயிர்சாதத்தை மதிய வெயிலில் வண்டிக்குள் வைத்துச் சாயங்காலம் தின்பது வம்பு. கடலை மிட்டாய், பொரி, சத்துமாவு எடை குறைவு. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லாவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் பாக்கெட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதால் சொந்தமாக ஒரு பாட்டில் கட்டாயம்.

தூத்துக்குடியில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பியதும் ரோட்டோரம் உப்பளங்கள்தான், கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. தாமிரபரணியைப் பார்க்க முக்காணி வரை நடக்க வேண்டும்.