மெர்சென் பட்டியலில் பிழையாக நுழைந்த எண்

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 கிடைக்கும். இருபத்தோரு இலக்கங்கள் கொண்ட ஒற்றைப்படை எண் இது. இரும முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் மட்டுமே வரிசையாக நிற்கும்.

இந்த எண்ணைப் பற்றிப் பேச வைத்தவர் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே, இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் இவ்வகை எண் பகா எண்ணாக அமையும் என்று 1644இல் எழுதினார். நிரூபணம் ஏதும் தரவில்லை. ஆனாலும் கூற்று நிலைத்துவிட்டது. இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றும், தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான 6, 28 போன்ற ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பதை யூக்ளிட் காலம் முதலே அறிந்திருந்ததால், பட்டியலை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

1876இல் கணிதவியலாளர் எட்வார்ட் லூக்காஸ், 67ஆம் அடுக்குக்குரிய எண் பகு எண்ணே என்று காட்டினார். அதன் காரணிகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை! உடையும் என்பது உறுதி; எங்கே உடையும் என்பது மட்டும் தெரியாது. அந்த எண்ணை நம்பி அமைக்கும் நிறைவெண்ணும் இதனால் பொய்த்தது. அது உண்மையில் காரணிகளின் தொகை மிஞ்சிவிடும் மிகை எண்.

காரணிகளைத் தேட ஒரு சலுகை உண்டு. அவை ஒவ்வொன்றும் 134ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக வேண்டும். இப்படிச் சலித்த பிறகும் மிஞ்சுபவை ஏராளம். அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு தேடலை மேலும் சுருக்கி, 193707721, 761838257287 என்ற இரண்டைக் கண்டெடுத்தார். இரண்டுமே பகா எண்கள். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் அதை அறிவித்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார், அதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார் என்பது கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் சொன்ன கதை. பெல் கதையைச் சுவையாக்கத் தயங்காதவர்.

61 என்பதே 67 என அச்சாகிவிட்டது என்று மெர்சென்னுக்காக வாதிடுவோர் உண்டு. 61ஆம் அடுக்கு பகா எண் தருவதை 1883இல் கணிதவியலாளர் பெர்வூஷின் நிறுவியதால் அதற்கு இடம் இருக்கிறது. ஆயினும் 89, 107 ஆகியவை விடுபட்டதையும் 257 தவறாகச் சேர்ந்ததையும் அச்சுக்கூடத்தின்மேல் சுமத்த முடியாது. பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டது 1947இல்தான்.